மணலுக்கு வழி

மெரினாவின் அகலத்தில் சென்னைக்காரர்களுக்கு ஒரு பெருமை உண்டு. சாலையில் இறங்கித் தண்ணீரைத் தொடுவதற்குள் கால் வலித்துவிடும். அந்த மணலில் பெரும்பகுதி வடக்கே ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டியது. 1870களில் கடலுக்குள் நீட்டப்பட்ட இரண்டு சுவர்கள் அதை வழியிலேயே பிடித்து வைத்துக்கொண்டன. தெற்கே மாநகரத்துக்குக் காற்று வாங்க ஓர் இடம் கிடைத்தது; வடக்கே மீனவர் தெருக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடலுக்குள் போயின. மெரினாவின் அகலமும் வடசென்னையின் அரிப்பும் ஒரே கட்டுமானத்தின் இரண்டு விளைவுகள்.

கடல் அரிப்பைச் சமாளிக்கப் பொறியாளர்கள் கையாளும் வழிகளை இந்த அத்தியாயத்தில் ஒவ்வொன்றாகப் பார்ப்போம். கல் சுவர், தூண்டில் வளைவு, கடலடித் திட்டு, மணல் நிரப்பல் என்று அவை பலவகை. எதை எடுத்தாலும் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது மணலை என்ன செய்கிறது?

கரையோரம் ஓடும் ஆறு

அலை கரையை நேராக முட்டுவது அபூர்வம். பெரும்பாலும் சற்றே சாய்வாகத்தான் வரும். உடைந்த அலை மணலை அள்ளிக்கொண்டு கரையில் சாய்வாக ஏறுகிறது. திரும்பும்போது சரிவின் போக்கில் நேராக இறங்குகிறது. அடுத்த அலை அதே மணலை மறுபடியும் சாய்வாக ஏற்றுகிறது. இப்படி ஒவ்வொரு மணற்பருக்கையும் கரையை ஒட்டி ரம்பப்பல் போலக் கோணல்மாணலாக நகர்ந்துகொண்டே போகும். இதோடு, அலை உடையும் பட்டையில் கரைக்கு இணையாக ஒரு நீரோட்டமும் உண்டாகிறது. உடையும் அலை கிளறிவிட்ட மணலை அது சுமந்து செல்கிறது. இரண்டும் சேர்ந்ததுதான் கரையோர மணல் நகர்வு.

சோழமண்டலக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி, தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம் உட்பட, அலை தெற்கிலிருந்து வருகிறது; மணல் வடக்கே போகிறது. வடகிழக்குப் பருவக்காற்றின் சில மாதங்களில் திசை மாறி, மணல் தெற்கே திரும்புகிறது. சென்னைக் கரையின் மீனவர்கள் வடக்கே ஓடும் நீரைத் 'தெண்டி' என்றும் தெற்கே ஓடும் நீரை 'வன்னி' என்றும் பிரித்து வைத்திருக்கிறார்கள். எந்த நீரில் எந்த வலையை விடுவது என்பதே அதைப் பொறுத்தது. போவதையும் வருவதையும் கழித்துப் பார்த்தால், ஆண்டுக்குச் சில லட்சம் கன மீட்டர் மணல் வடக்கு நோக்கிப் போகிறது. கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆறு கரையை ஒட்டி ஓடிக்கொண்டிருக்கிறது என்றே சொல்லலாம்.

இந்த ஆற்றின் வேகம் சீரானதல்ல. கரையில் உடையும் அலையின் உயரம் இரட்டிப்பானால், கடத்தப்படும் மணல் ஐந்து மடங்குக்கும் மேல் கூடுகிறது. அமைதியான பல வாரங்களில் நடக்கும் நகர்வைப் புயலின் ஓரிரு நாட்கள் எட்டிப் பிடித்துவிடும். புயலலை கரை மணலை இழுத்துக்கொண்டு போய் ஆழமற்ற கடலில் ஒரு திட்டாகப் போடும். அடுத்து வரும் பெரிய அலைகள் அந்தத் திட்டிலேயே உடைந்து வலுவிழக்கும். கடல் அடங்கியதும் சிறிய அலைகள் அதே மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்குத் திருப்பித் தரும். ஆகவே ஒரு பருவத்தில் கரை குறைந்து மறு பருவத்தில் வளர்ந்தால் அது நோய் ஆகாது. பல ஆண்டுகள் தொடர்ந்து குறைந்துகொண்டே போனால், மணலின் வரவு எங்கேயோ அடைபட்டிருக்கிறது என்று பொருள்.

அடைபடும் இடங்கள் பல. ஆறுகள் கொண்டுவரும் மணலை அணைகள் நிறுத்திவிடுகின்றன. 1934-இல் மேட்டூர் அணை கட்டப்பட்ட பிறகு, காவிரி மேலேயிருந்து கொண்டுவந்த வண்டல் அணைக்குப் பின்னால் படியத் தொடங்கியது. அணைக்குக் கீழே மிஞ்சியதையும் லாரிகள் அள்ளிச் செல்கின்றன. கரையிலோ துறைமுகச் சுவர்கள் வழிமறிக்கின்றன. கடல்மட்ட உயர்வு இந்தப் பற்றாக்குறையை இன்னும் கூட்டுகிறது. 1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் போட்ட கணக்கின்படி, இந்தியக் கரையில் 33.6 சதவீதம் அரிப்புக்கு உள்ளாகியிருக்கிறது, 26.9 சதவீதம் வளர்ந்திருக்கிறது. வளர்ந்த பகுதிகளுக்குப் பக்கத்திலேயே அரிக்கப்பட்ட பகுதிகள் இருப்பதைப் பல இடங்களில் காணலாம்.

சென்னைத் துறைமுகம்

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் நடுக்கடலில் நங்கூரமிட, கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள் அலையை மீறிப் போய் ஆளையும் சரக்கையும் ஏற்றி இறக்கின. புனித ஜார்ஜ் கோட்டையின் மதிலுக்கு மிக அருகே வரை அலை வந்து அடித்த காலம் அது. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். வில்லியம் பார்க்ஸ் வகுத்த திட்டப்படி, கரையிலிருந்து இரண்டு சுவர்கள் கடலுக்குள் நீண்டு, கிழக்கே ஒரு வாயிலை விட்டு வளைந்தன. வேலை முடியும் தறுவாயில், 1881 நவம்பர் புயல் சுவர்களின் வெளிப்பகுதியைச் சிதைத்தது. மீண்டும் கட்டினார்கள்.

புயலைவிடப் பிடிவாதமான எதிரி மணல். தெற்கேயிருந்து வந்த மணல் தென்சுவரில் முட்டி நின்று குவிந்தது. கரை கிழக்கே நகர்ந்துகொண்டே போனது. குவியல் சுவரின் முனையை நெருங்க நெருங்க, கிழக்கு வாயிலே தூர்ந்துபோகும் அபாயம் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிரான்சிஸ் ஸ்பிரிங் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் தலைவராக இருந்தபோது, கிழக்கு வாயிலை மூடி வடகிழக்கில் புது வாயில் திறந்தார்கள். துறைமுகம் தப்பியது.

வடக்குக் கரைக்கு அந்தத் தப்பிப்பு வாய்க்கவில்லை. அங்கேயும் அலை வழக்கம்போல மணலைக் கிளப்பி வடக்கே கொண்டுபோனது. ஈடுகட்டத் தெற்கேயிருந்து எதுவும் வரவில்லை. ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று கரை நூற்றுக்கணக்கான மீட்டர் பின்வாங்கியது. கடலுக்கு அங்கே புதிதாக எந்தக் கோபமும் இல்லை. அது எடுத்துக்கொண்டு போகிற அளவு பழைய அளவுதான். வந்து சேர்கிற அளவுதான் நின்றுபோனது.

முதல் மருந்து: கல்

வீட்டு வாசலுக்குக் கடல் வந்துவிட்டால் யாருக்கும் முதலில் தோன்றுவது கல் கொட்டுவதுதான். கருங்கல் லாரிகள் வரும். இரவோடு இரவாக ஒரு மதில் எழும். ஆபத்து வாசலில் நிற்கும்போது அதைக் குறைசொல்ல முடியாது. சாலை, மின்கம்பம், கோயில், வீடு எல்லாம் அதற்குப் பின்னால் சில ஆண்டுகளாவது நிற்கும்.

சரிவான மணற்கரையில் ஏறும் அலை, ஏறும்போதே தன் வலுவை இழக்கிறது. செங்குத்தான சுவரில் மோதும் அலைக்கு அந்த இடமில்லை. அதன் வலு திரும்பி, சுவரின் அடியில் இருக்கும் மணலைத் தோண்டுகிறது. அடிவாரம் ஆழமாகிறது, ஆழம் கூடக்கூட அங்கே வரும் அலையும் பெரிதாகிறது. கல் சரிந்து புதைகிறது. மேலே மறுபடியும் கல் கொட்ட வேண்டியிருக்கிறது. சுவர் பின்னால் இருக்கும் நிலத்தைக் காக்கிறது. முன்னால் இருக்கும் மணலைப் பலிகொடுக்கிறது.

கல்லின் வடிவத்தைத் திருத்தி இந்தக் குறையைக் குறைக்கப் பார்த்தார்கள். 1950-இல் பிரான்சின் கிரெனோபிள் நகரத்து நீரியல் ஆய்வகம் ஒன்று நான்கு கால் கொண்ட கான்கிரீட் கட்டி ஒன்றை வடிவமைத்தது. அதுதான் டெட்ராபாட். ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் இந்தக் கட்டிகளின் இடுக்குகளில் தண்ணீர் புகுந்து சுழன்று வலுவிழக்கும். திரும்பி அடிக்கும் அலை குறையும். கேரளத்தில் கொச்சிக்குத் தெற்கே செல்லானத்தில் 2023-க்குள் ஏழு கிலோமீட்டருக்கு மேல் டெட்ராபாட் சுவர் எழுந்தது. ஆண்டுதோறும் மழைக்காலத்தில் கடல் வீட்டுக்குள் புகுந்த ஊரில் மக்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள். சுவர் முடிந்த இடத்துக்கு வடக்கே, கண்ணமாலிப் பக்கத்தில், கடல் தொடர்ந்து வீடுகளுக்குள் வந்தது. தங்களுக்கும் சுவர் வேண்டும் என்று அங்கே மக்கள் போராடினார்கள். வெள்ளத்தில் தன் வாசலில் மண் மூட்டை அடுக்குகிறவர் தண்ணீரைப் பக்கத்து வீட்டுக்குத் திருப்பிவிடுவது போலத்தான் ஒவ்வொரு சுவரின் முனையும் வேலை செய்கிறது.

மீனவர்களுக்கு வேறொரு இழப்பும் உண்டு. ஃபைபர் படகை ஏற்றி நிறுத்தவும், கரைவலையை இழுக்கவும், மீனைக் காயவைக்கவும், கிழிந்த வலையைப் பின்னவும் மணல் வேண்டும். கல் மதில் வீட்டைக் காப்பாற்றிவிட்டுத் தொழிலிடத்தை எடுத்துக்கொள்கிறது.

தூண்டில் வளைவு

கரையிலிருந்து கடலுக்குள் குறுக்கே நீட்டும் கல் சுவர் அடுத்த உத்தி. தமிழ்நாட்டில் அரசு அறிக்கையிலும் மீனவர் மனுவிலும் 'தூண்டில் வளைவு' என்றே இதற்குப் பெயர். ஓடும் மணலில் ஒரு பங்கைப் பிடித்து நிறுத்துவது இதன் வேலை. வரிசையாகப் பல வளைவுகளைக் கட்டினால் இடையிடையே சிறு கரைகள் வளரும். ராயபுரத்துக்கு வடக்கே, எண்ணூர் விரைவுச் சாலையைக் காக்க 2004 முதல் இப்படி ஒரு வரிசை எழுந்தது. வளைவுகளுக்கு நடுவே மணல் திரும்பியது; சாலை நின்றது; படகுகளுக்கும் கொஞ்சம் இடம் கிடைத்தது. அந்த அளவில் அது வெற்றிதான்.

ஆனால் தூண்டில் வளைவு மணலை உண்டாக்குவதில்லை. அது பிடித்து வைத்தது அடுத்த ஊருக்குப் போகவிருந்த மணல். வரிசையின் கடைசி வளைவைத் தாண்டியதும் அரிப்பு தொடங்குகிறது. அந்த ஊர் தனக்கும் ஒரு வளைவு கேட்கிறது. கேட்பது நியாயம், கட்டினால் அரிப்பு இன்னொரு ஊர் வடக்கே போகிறது. இப்படியே தொடர்ந்தால் கரை முழுவதும் கல்லாகும். நோய் மட்டும் எல்லையைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும். வளைவுகளின் நீளத்தை வரிசையின் முடிவில் படிப்படியாகக் குறைப்பது, கட்டும்போதே இடைவெளிகளை வெளியிலிருந்து கொண்டுவந்த மணலால் நிரப்பிவிடுவது ஆகியவை இந்தக் கேட்டைக் குறைக்கும் வழிகள். வளைவுக்குள் ஏற்கெனவே மணல் நிறைந்திருந்தால், புதிதாக வரும் மணல் முனையைச் சுற்றிக்கொண்டு வடக்கே போய்விடும். அந்த நிரப்பலுக்கான தொகை திட்டத்தில் இல்லையென்றால், அடுத்த ஊர்தான் அதைக் கொடுக்கிறது.

புதுச்சேரியின் பாடம்

சென்னையின் பாடத்தைப் புதுச்சேரி ஒரு நூற்றாண்டுக்குப் பின் மறுபடியும் படித்தது. 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் ஒரு துறைமுகம் கட்டி இரண்டு அலைத்தடுப்புச் சுவர்களை நீட்டினார்கள். தெற்கே குவியும் மணலை எடுத்து வடக்கே அனுப்பும் ஏற்பாடு அந்தத் திட்டத்திலேயே இருந்தது. நோய் வருமென்று தெரிந்து மருந்தும் எழுதி வைத்திருந்தார்கள் என்று அர்த்தம். அனுப்பிய மணலோ தேவையான அளவை எட்டவேயில்லை.

சில ஆண்டுகளில் நகரத்தின் கடற்கரை மறைந்தது. கடற்கரைச் சாலை நெடுகக் கருங்கல் குவிந்தது. கடற்கரை நகரம் என்று பெயர் வாங்கிய ஊரில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் மணலில் கால் வைக்காமல் வளர்ந்தார்கள். அரிப்பு குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் வழியாக வடக்கே நகர்ந்து, எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக் கோட்டக்குப்பத்தையும் அதற்கப்பால் உள்ள குப்பங்களையும் தொட்டது. துறைமுகம் ஓர் ஆட்சிப்பகுதியில், இழப்பில் ஒரு பங்கு இன்னொன்றில்.

2018-இல் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் இங்கே வேறொரு வழியைச் செய்து பார்த்தது. தலைமைச் செயலகத்துக்கு எதிரே, கரைக்குச் சற்றுத் தள்ளி, சுமார் 900 டன் எடையுள்ள ஆப்பு வடிவ எஃகுக் கட்டமைப்பு ஒன்றைக் கடலடியில் இறக்கினார்கள். அது தண்ணீருக்குள் மூழ்கிய ஒரு செயற்கைத் திட்டு. பெரிய அலை அதன் மேல் ஏறும்போது ஆழம் திடீரெனக் குறைவதால் அங்கேயே உடைகிறது. வலுவிழந்த அலைக்குப் பின்னால் ஓர் அமைதியான நிழல் உண்டாகிறது. நகரும் மணல் அந்த நிழலில் வேகம் குறைந்து படிகிறது. புயல் தானே உண்டாக்கும் மணல் திட்டின் வேலையை இது எஃகால் செய்கிறது. முகத்துவாரத்தில் தூர்வாரிய மணலையும் கரையில் கொட்டினார்கள். சில மாதங்களில் கல்லுக்கு முன்னால் மணல் தெரிந்தது. மக்கள் மீண்டும் அலையில் இறங்கினார்கள்.

இந்த வெற்றியைச் சரியாக எடைபோட வேண்டும். திட்டு மணலைத் தங்க வைக்கிறது, வரவழைப்பதில்லை. துறைமுகத்தின் தெற்கே குவியும் மணலை ஆண்டுதோறும் வடக்கே கடத்தினால்தான் நகரத்துக்கும் அதற்கு வடக்கே உள்ள குப்பங்களுக்கும் சேர்த்துப் போதும். வரவு இல்லாத இடத்தில் திட்டு வைத்தால் அதுவும் இன்னொரு தூண்டில் வளைவாகவே முடியும்.

கல்லும் எஃகும் கிடைக்காத, நிலம் இளகிய இடங்களில் ஜியோடியூப் உதவுகிறது. வலுவான செயற்கை இழைத் துணியில் தைத்த நீண்ட குழாய்ப் பைகளுக்குள் மணலையும் நீரையும் சேர்த்துப் பாய்ச்சினால் நீர் வடிந்துவிடும், மணல் தங்கிவிடும். ஒடிசாவின் பெந்தா கிராமத்தில், சென்னை ஐஐடியின் வடிவமைப்பில், சுமார் அரை கிலோமீட்டர் நீளத்துக்கு இப்படி ஓர் அரண் கட்டியிருக்கிறார்கள். கல்லைவிட இலேசானது, வேண்டாமென்றால் அகற்றலாம். வெயிலும் கூர்மையான பொருளும் பட்டால் துணி கிழியும் என்பதால் அதற்கு மேலுறையும் தொடர் பராமரிப்பும் வேண்டும்.

மணலையே கொடுப்பது

மணல் குறைவதுதான் நோய் என்றால் மணலையே மருந்தாகக் கொடுக்கலாம். கடலடியிலிருந்து மணலை அள்ளிக் கரையில் கொட்டும் முறையில் மிகப் பழகியவர்கள் நெதர்லாந்துக்காரர்கள். நாட்டின் சுமார் கால்பகுதி கடல்மட்டத்துக்குக் கீழே கிடப்பதால், அவர்களுக்குக் கரை என்பது உயிர்ப் பிரச்சினை. 1990-இல் இருந்த கரைக்கோட்டை விட்டுக்கொடுப்பதில்லை என்று அந்த அரசு முடிவு செய்தது. 2001-க்குப் பின் ஆண்டுக்குச் சுமார் 1.2 கோடி கன மீட்டர் மணலைக் கரைக்குக் கொடுத்து வருகிறார்கள்.

2011-இல் அவர்கள் இன்னும் துணிந்தார்கள். ஹேக் நகரத்துக்குத் தெற்கே, ஒரே இடத்தில் 2.15 கோடி கன மீட்டர் மணலைக் கொட்டிக் கொக்கி வடிவில் ஒரு தீபகற்பம் செய்தார்கள். 'மணல் எந்திரம்' என்று அதற்குப் பெயர். நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை கரை நெடுகக் கொட்டுவதற்குப் பதிலாக, இருபது ஆண்டுத் தேவையை ஓரிடத்தில் வைத்துவிட்டு, பரப்பும் வேலையை அலைக்கும் காற்றுக்கும் ஒப்படைத்தார்கள். அலையும் காற்றும் அந்த மணலை இரு பக்கமும் கொண்டுபோய்ச் சேர்த்தன.

நம் கரைக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. அங்கும் மணல் வடக்கே போகும் கிழக்குக் கரை. அங்கும் ஒரு முகத்துவாரச் சுவர். அங்கும் இரண்டு மாநிலங்கள். நியூ சவுத் வேல்ஸ் எல்லையில் ட்வீட் ஆற்றின் சுவர்களை 1960களின் தொடக்கத்தில் நீட்டியதும், வடக்கே குயின்ஸ்லாந்தின் கூலங்கட்டா, கிரா கரைகள் தேய்ந்தன. இரு மாநில அரசுகளும் சட்டத்தின் மூலம் ஒப்பந்தம் செய்துகொண்டு, 2001 முதல் ஒரு நிரந்தர ஏற்பாட்டை நடத்துகின்றன. ஆற்றுக்குத் தெற்கே கடலுக்குள் நீளும் ஒரு மேடையில் பம்புகள் வரிசையாக நிற்கின்றன. வந்து சேரும் மணலை நீரோடு உறிஞ்சி, ஆற்றுக்கு அடியில் குழாய் வழியாக வடக்கே தள்ளுகின்றன. ஆண்டுக்குச் சுமார் ஐந்து லட்சம் கன மீட்டர். தொடக்க ஆண்டுகளில் தேவைக்கு மேல் அனுப்பியதில் கிரா கரை அளவுமீறி அகன்று, அங்கிருந்த பாறைத்திட்டு மணலில் புதைந்தது. பிறகு அளவைத் திருத்தினார்கள். கல்லில் கட்டியதை இப்படித் திருத்த முடியாது. பம்பின் வேகத்தைக் குறைத்துவிடலாம்.

இது வெளிநாட்டு ஆடம்பரம் என்று ஒதுக்கத் தேவையில்லை. 1933-இல் திறந்த விசாகப்பட்டினத் துறைமுகத்தில், இரண்டு பழைய கப்பல்களை மூழ்கடித்து அலைத்தடுப்பாக்கி, அதன் நிழலில் படியும் மணலைத் தூர்வாரி வடக்கே நகரத்தின் கரைக்கு அனுப்பும் வழக்கம் தொடங்கியது. மணலைக் கடத்திவிடும் யோசனை வங்கக் கடலுக்குப் புதிதல்ல. தொடர்ந்து செய்வதில்தான் நாம் சோர்ந்துபோகிறோம். கல் சுவருக்கு ஒரு திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு. ஆண்டுதோறும் பம்பை ஓட்டுவதற்கு டீசல் செலவுதான் உண்டு.

எந்தக் கருவியும் வேண்டாத பாதுகாப்பும் ஒன்று இருக்கிறது. கரைக்குப் பின்னால் இருக்கும் மணல் மேடு புயலுக்கான சேமிப்பு. அடம்பங்கொடியும் ராவணன் மீசைப் புல்லும் அந்த மணலைப் பிடித்து வைத்திருக்கின்றன. மேட்டைச் சமன் செய்து விடுதியும் சாலையும் போட்டுவிட்டு, பிறகு அந்தச் சாலையைக் காக்கக் கல் கொட்டுவது நம் கரையில் அடிக்கடி நடக்கும் கதை.

கணக்கில் ஒரு வரி

இத்தனை உத்திகளில் எது சிறந்தது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. கடல் வாசலில் நிற்கும் குடியிருப்புக்குக் கல் தேவைப்படலாம். மணல் வரவு இருக்கும் இடத்தில் தூண்டில் வளைவோ கடலடித் திட்டோ பலன் தரும். துறைமுகம் மறித்த கரைக்கு மணலைக் கடத்திவிடுவதைத் தவிர நிலையான தீர்வு இல்லை. அந்தச் செலவைத் துறைமுகம்தான் ஏற்க வேண்டும். கப்பல் வாயிலில் தூர்வாருவது இயக்கச் செலவு என்றால், தான் மறித்த மணலை வடக்கே அனுப்புவதும் அதே இயக்கச் செலவுதான். அதைப் பேரிடர் நிவாரணம் என்று அரசின் தலையிலும், வீடிழப்பு என்று மீனவரின் தலையிலும் எழுதுவது தவறான கணக்கு.

உங்கள் மாவட்டத்தில் ஒரு துறைமுகத்துக்கோ தூண்டில் வளைவுக்கோ கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தால் போய் உட்காருங்கள். மூன்று கேள்விகள் கேளுங்கள்: இங்கே ஆண்டுக்கு எவ்வளவு மணல் எந்தப் பக்கம் போகிறது? கட்டிய பிறகு அதை அடுத்த ஊருக்கு யார் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள்? இருபது ஆண்டுக்கு அந்தச் செலவு எந்தத் தலைப்பில் எழுதப்பட்டிருக்கிறது? மூன்றாவது கேள்விக்கு விடை இல்லாத திட்டத்தை ஏற்காதீர்கள்.